திடல் யாருடையது? வடசென்னையின் பொதுவெளியும் நாமும்

2024 தீபாவளியை ஒட்டிய வாரம். தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்தில் அன்று யாருக்கும் படிப்பில் மனம் இல்லை. ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அக்கா, இனிமே பால் ஆடணும்னா ஒரு அவருக்கு தலைக்கு நூத்தியிருவது ரூபாயாமே, நெசமா?"

செய்தி உண்மைதான். சென்னை மாநகராட்சி மன்றம் தன் கையிலிருந்த ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கவும், ஆடுகிற ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கவும் தீர்மானம் போட்டிருந்தது. வியாசர்பாடித் திடலும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிள்ளைகள் கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். பக்கத்துக்கு 11 பேர், மொத்தம் 22 பேர். ஒரு மணி நேரத்துக்கு 2,640 ரூபாய். ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு 3,960 ரூபாய். அன்றைக்கு அவர்கள் படித்த கணக்குப் பாடம் அதுதான்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. கட்சிகளும் விளையாட்டு வீரர்களும் பேசினார்கள். ஓரிரு நாட்களிலேயே தீர்மானம் திரும்பப் பெறப்படுவதாகவும், பிள்ளைகள் இலவசமாகவே ஆடலாம் என்றும் மேயர் பிரியா அறிவித்தார். நல்லது. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் வடசென்னைக்காரர், இந்த மாநகராட்சியின் முதல் தலித் பெண் மேயர். அதைப் பெருமையோடுதான் சொல்கிறோம். நம் வீட்டுப் பெண் நாற்காலியில் இருக்கும்போதே இப்படி ஒரு தீர்மானம் மேசைக்கு வந்து நிறைவேறவும் முடிந்ததென்றால், அதை ஒரு ஆளின் தவறாக மட்டும் பார்த்துவிட முடியாது. அதற்குப் பின்னால் இருநூற்றைம்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. வடசென்னையில் திறந்து கிடக்கும் நிலத்தை யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகப் பார்க்கும் பழக்கம் அது. அந்தப் பழக்கத்தின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

பீரங்கிக்கு விட்ட வெளி

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை உண்டு. தொண்டியிலிருந்து வந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் 'தொண்டியார்' என்று அழைத்தார்கள். அவர் பெயரால் தொண்டியார்பேட்டை, அதுவே மருவித் தண்டையார்பேட்டை என்பது ஊர் வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தனிமை தேடி வந்த ஒருவருக்கு இந்தப் பக்கத்தில் இடம் இருந்தது. இன்று ஒரு பையன் தனியாக உட்கார்ந்து படிக்க நினைத்தால் மொட்டை மாடியைத் தவிர இடம் கிடையாது. பல வீடுகளுக்கு அதுவும் கிடையாது.

தெற்கே கொஞ்சம் போனால் வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்த மக்களின் பேட்டை. துணி வெளுக்கத் தண்ணீர் வேண்டும், விரித்துக் காயப்போட வெயில் படும் வெட்டவெளி வேண்டும். அந்த வெளி அவர்களுக்குத் தொழிற்கூடம். வடசென்னையில் திறந்த நிலம் என்பது தொடக்கத்திலிருந்தே உழைக்கிற சாதிகளின் நிலம்தான். ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான இடம் என்று அதை யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

அரசு முதன்முதலில் பெரிய அளவில் வெளியை உண்டாக்கியது பீரங்கிக்காக. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைச் சுவரை ஒட்டி உள்ளூர் மக்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தின் வீடுகள் எதிரிக்கு மறைவிடமாயின. முற்றுகைக்குப் பிறகு ஆங்கிலேயர் அந்த இடத்தைத் துடைத்து, குண்டு பறக்கத் தடையில்லாத வெளியாக்கினார்கள். மக்கள் வடக்கே தள்ளப்பட்டார்கள். இதற்குமேல் கட்டக் கூடாது என்று எல்லை காட்டும் தூண்கள் 1773இல் நடப்பட்டன. அவற்றில் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. பீரங்கிக்கு வேலை இல்லாமல் போனதும் அந்த வெளி, வெளியேறியவர்களின் வாரிசுகளுக்குத் திரும்பவில்லை. 1892இல் அங்கே உயர்நீதிமன்றம் வந்தது. கறுப்பர் நகரம் இருந்த இடத்தில்தான் நாம் இன்று நீதி கேட்டுப் போகிறோம்.

பெயரில் மட்டும் மிஞ்சிய மக்கள் பூங்கா

அடுத்த நூறாண்டில் வடக்கே தள்ளப்பட்ட நகரம் நெருங்கி நெரிந்தது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவிலியன், கறுப்பர் நகரத்து மக்களுக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்று ஒரு பெரிய பூங்காவுக்குத் திட்டமிட்டார். அதன் பெயரே மக்கள் பூங்கா. இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 116 ஏக்கர். உள்ளே குளங்கள், சாலைகள், இசைக்குழு மேடை, பின்னர் விலங்குக்காட்சி சாலை. இந்த நகரத்தில் சாதாரண மக்களின் ஓய்வுக்காக என்று சொல்லி ஒதுக்கப்பட்ட முதல் பெரிய நிலம் அதுதான் என்று சொல்லலாம்.

அந்த 116 ஏக்கர் எங்கே போனது? யாரும் ஒரே நாளில் திருடவில்லை. 1880களில் ஒரு மூலையில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1913இல் மாநகராட்சியே தனக்கு ரிப்பன் மாளிகையைக் கட்டிக்கொண்டது. பிறகு விளையாட்டரங்கம் வந்தது. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானதும் அந்த இடம் ரயில்வே கட்டடமானது. விலங்குக்காட்சி சாலை வண்டலூருக்குப் போனது. இவற்றில் எதையும் தீய நோக்கம் என்று சொல்ல முடியாது. மண்டபம், சந்தை, அலுவலகம், அரங்கம், ரயில் எல்லாமே பொது நோக்கம்தான். ஒவ்வொரு முறையும் ஒரு பொது நோக்கம் இன்னொரு பொது நோக்கத்தைத் தின்றது. ஏழைகள் காசில்லாமல் உட்காரும் உரிமைதான் எப்போதும் தின்னப்படும் பக்கத்தில் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது பார்க் டவுன் என்ற பெயர்.

புளியந்தோப்பிலும் இதே போல ஒரு பெயர் இருக்கிறது. கேசவப் பிள்ளை பூங்கா என்பதுதான் கே.பி. பார்க். ஆனால் கே.பி. பார்க் என்றதும் சென்னைக்காரருக்கு நினைவுக்கு வருவது மரமும் புல்வெளியும் அல்ல, 2021இல் கையால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பு.

மணலும் நமக்கில்லை

பூங்கா போனால் போகட்டும், கடல் இருக்கிறதே என்று கேட்கலாம். மெரினாவைப் போல ராயபுரத்திலும் காசிமேட்டிலும் ஏன் அகன்ற மணல்வெளி இல்லை? இயற்கை அப்படி என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன்.

சோழமண்டலக் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைக் கொண்டுபோகிறது. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் கரங்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் துறைமுகச் சுவரில் முட்டித் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றுகொண்டே போனது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரும் வைத்தார். மணல் வரத்து நின்றுபோன வடகரையைக் கடல் அரித்தது. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை மீனவர் குப்பங்கள் வீடுகளை இழந்தன. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிகள், மறுபக்கம் கருங்கல் குவியல்.

ஒரே சுவர்தான். தெற்கே நகரத்தின் பெரிய பொழுதுபோக்கு இடத்தை உண்டாக்கியது, வடக்கே பிள்ளைகள் ஓடியாடிய மணலைப் பறித்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் அதன் கழிவைச் சுமந்தவர்களும் வடக்கே இருந்தார்கள், மணல் தெற்கே போனது. கடற்கரை ரயில் நிலையம் என்று பெயருள்ள இடத்தில் இறங்கிப் பாருங்கள், கால் நனைக்கக் கடல் இருக்காது. காசிமேட்டில் காவல் நிலையத்தின் எண்ணைக் கொண்டு 'என்4 பீச்' என்று எங்கள் பிள்ளைகள் அழைக்கும் ஓரமும், படகுக்கும் பாறைக்கும் நடுவே அவர்களாகப் பிடித்துக்கொண்ட இடம்தான்.

கூடிப் பேசிய இடங்கள்

இழந்தது விளையாட்டு மட்டும் அல்ல. 1923 மே முதல் நாள் ம. சிங்காரவேலர் சென்னையில் தொழிலாளர் தினம் கொண்டாடியபோது கூட்டங்கள் நடந்தது இரண்டு கடற்கரைகளில். ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை, மற்றது உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. அந்த இரண்டாவது கடற்கரை இன்று மக்கள் கூடும் இடமாக இல்லை.

1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம் ராயபுரம் ராபின்சன் பூங்கா. இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. யோசித்துப் பாருங்கள், இந்த மாநிலத்தை ஆண்ட ஒரு பெரிய கட்சி வடசென்னையின் ஒரு பொதுப் பூங்காவில் பிறந்தது. மண்டபத்துக்கு வாடகை கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் அரசியல் என்று இருந்திருந்தால், வண்டி இழுத்தவரும் மூட்டை தூக்கியவரும் அந்த மழையில் நின்று கேட்டிருக்க முடியாது. இன்று அதே நகரத்தின் பூங்காக்களில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசினால் காவலாளி வந்து என்ன விஷயம் என்று கேட்கிறார்.

தாத்தா போட்ட தீர்மானம்

நாம் இதைப் பூங்காப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் 1924இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கத் தடையில்லை, அரசு அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதற்குள்ளும் போகத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அதே ஆண்டு அரசாணையாகவும் வந்தது. இந்தப் பட்டியலில் கிணற்றையும் சாலையையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 'பொதுமக்கள் கூடும் இடம்' என்ற கடைசிச் சொல்லை மறந்துவிட்டோம்.

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட அரசமைப்புச் சட்டம் அதை மறக்கவில்லை. பிரிவு 15(2) சாதி, மதம், பாலினம் எதன் பெயராலும் யாரையும் விலக்கக் கூடாத இடங்களைப் பட்டியலிடுகிறது. அரசுப் பணத்தில் முழுவதுமாகவோ ஓரளவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றோடு பொதுமக்கள் கூடும் இடங்களும் அதில் உண்டு. மாநகராட்சிப் பூங்காவும் விளையாட்டுத் திடலும் இதற்குள் வருகின்றன. பூங்கா என்பது நகரத்தின் அழகுப் பொருள் மட்டும் அல்ல, தீண்டாமைக்கு எதிரான பிரிவின் கீழ் வரும் இடம்.

நிலத்தைக் காக்கவும் சட்டம் இருக்கிறது. 1959இல் தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் போடப்பட்டது. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் உள்ள பூங்கா, திடல், திறந்தவெளிகளைப் பட்டியலிட வேண்டும், பட்டியலில் உள்ள இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்பது அதன் அடிப்படை. எங்கள் தெருவில் இப்படி ஒரு சட்டம் இருப்பது நூற்றில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. வேலைக்கு வந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

நீதிமன்றமும் பேசியிருக்கிறது. பெங்களூரில் ஒரு குடியிருப்புப் பகுதியில் பூங்காவுக்கென விட்ட நிலத்தை, முதலமைச்சரின் உத்தரவின் பேரில், தனியார் மருத்துவமனை கட்ட ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்சநீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்ற தீர்ப்பை உறுதி செய்தது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு என்று வழக்கறிஞர் தோழர்கள் சொல்வது இதைத்தான். மருத்துவமனையும் பொது நோக்கம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மக்கள் பூங்காவுக்கு அப்படி வழக்குப் போட அன்று யாரும் இல்லை. பெங்களூரில் வழக்குப் போட்டவர்களிடம் மனைப் பத்திரமும் நேரமும் இருந்தன. பட்டா இல்லாத தெருவில் வாழ்கிறவர் திடலுக்காக நீதிமன்றம் போக இன்றும் தயங்குகிறார். தன் வீட்டையே கேள்வி கேட்பார்களோ என்ற பயம்.

இடத்துக்கு ஏற்ற ஆட்டம்

இடமில்லாத ஊர் என்ன விளையாடும்? எங்கள் பக்கத்தைப் பார்த்தால் தெரியும். கேரம் பலகைக்கு ஒரு திண்ணை போதும், மழை வந்தால் கொட்டகை போதும். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். குத்துச்சண்டைக்கு ஒரு சின்ன வளையம் போதும். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் கதை 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் சமூகவியல் படித்தபோது விளையாட்டை ரசனை என்று படித்தேன். இங்கே வந்த பிறகுதான் அதில் பாதி சதுர அடிக் கணக்கு என்று புரிந்தது.

கால்பந்துக்குத்தான் திடல் வேண்டும். வியாசர்பாடியில் 1997இல் இளைஞர்கள் சிலர் சேர்ந்து குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கான அமைப்பைத் தொடங்கிக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார்கள். முல்லை நகர்த் திடல் அப்படித்தான் பேர் பெற்றது. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதின. அங்கிருந்து போன நந்தகுமார் சேகர் இந்திய அணிக்கு ஆடினார். 2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையை இறுதியில் இங்கிலாந்தை வென்று தூக்கிய தென்னிந்திய அணியில், தண்டையார்பேட்டையில் இயங்கும் கருணாலயா அமைப்பின் பிள்ளைகளும் இருந்தார்கள். லார்ட்ஸில் ஆட அவர்களுக்கு இடம் கிடைத்தது. தண்டையார்பேட்டையில் பந்தைத் தூக்கி அடித்தால் யார் வீட்டுக் கண்ணாடி உடையும் என்று பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

மணிக்கு 120 ரூபாய் என்ற தீர்மானம் எந்தப் பிள்ளைகள்மேல் வந்து விழுந்தது என்பது இப்போது புரியும். திடலைத் திடலாக்கியவர்கள் அவர்கள். குப்பையும் கல்லுமாகக் கிடந்த இடங்களில் ஓடி ஓடி அவர்கள் பேர் வாங்கினார்கள். புல்தரை போட்டதும் கட்டணம் வந்தது.

பெருக்குகிறவர் எங்கே உட்காருவார்?

எங்கள் பகுதியில் ஒரு சின்னப் பூங்கா. எது என்று சொல்லவில்லை, இந்த ஒன்று மட்டும் அப்படி இல்லை என்பதால். எட்டுப் போடும் நடைபாதை, நாலு உடற்பயிற்சிக் கருவி, வாசலில் ஒரு பலகை. பந்து ஆடக் கூடாது, படுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. நண்பகலில் பூட்டு. ஒருநாள் காலை பத்து மணி சுமாருக்கு வாசலுக்கு வெளியே நடைமேடைக் கல்லில் ஒரு ஆயா உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் துடைப்பம். உள்ளே பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"உள்ள நெழல்ல குந்தி சாப்டலாம் இல்ல ஆயா?"

"பெருக்கறதுக்கு உள்ள வுடுவாங்க கண்ணு. குந்தறதுக்குக் கேட்டா நேரமாச்சு, பூட்டணும்பாங்க."

கோபம்கூட இல்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாலு என்ற பெயர் நினைவுக்கு வந்தது. நூறாண்டுக்கு முன் புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பின் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்த பல்வாங்கர் பாலு, நாட்டின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளரான பிறகும், இடைவேளையில் தனிக் குவளையில்தான் அவருக்குத் தேநீர். தரையைச் சீராக்க நம் கை வேண்டும், அந்தத் தரையில் சமமாக உட்கார நாம் வேண்டாம். எழுதிவைத்த தடை எதுவும் இன்று இல்லை. நேரம், பூட்டு, கட்டணம், பலகை என்று வேறு பெயர்களில் அது வருகிறது.

இதன் பெரிய வடிவத்தை 2025 ஆகஸ்டில் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் நடைமேடையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் நம் மக்கள், அதிலும் பெண்கள். பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். நடைமேடையை மறிக்கக் கூடாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. நடைமேடை நடப்பவர்களுக்கானது, சரி. ஆனால் அந்த மாளிகை நிற்கும் இடமும் அதைச் சுற்றியுள்ள நிலமும் ஒரு காலத்தில் மக்கள் பூங்கா. 116 ஏக்கரில் ஒரு ஏக்கரை அப்படியே விட்டிருந்தால், நகரத்தைச் சுத்தம் செய்யும் பெண்கள் நியாயம் கேட்டு உட்கார நடைமேடை தேவைப்பட்டிருக்காது.

பூங்கா வேண்டும், வெளியேற்றம் வேண்டாம்

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பூங்கா என்ற சொல்லைக் கேட்டாலே நம் மக்களில் பலருக்கு வயிறு கலங்கும். காரணம் இருக்கிறது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனார்கள். அந்த டிசம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. கூவம் கரையைச் சீரமைக்கிறோம் என்று பல தலைமுறை வாழ்ந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளின் பள்ளியும் பெரியவர்களின் வேலையும் இங்கே, வீடு மட்டும் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு அப்பால். குடிசையை இடித்துப் போடும் நடைபாதை யாருக்குப் பொழுதுபோக்கு?

ஆகவே திறந்தவெளி வேண்டும் என்று நாம் கேட்கும்போது எந்த நிலத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடசென்னையில் நிலம் இல்லாமல் இல்லை. பெரம்பூர் பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. 1921இல் பெரும் வேலைநிறுத்தத்தையும், தொழிலாளர்களைச் சாதியாகப் பிரித்த புளியந்தோப்புக் கலவரத்தையும் கண்ட ஆலை அது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுகின்றன. மும்பையில் ஆலை நிலங்களுக்கு 1991இல் ஒரு விதி இருந்தது. ஆலை நிலத்தை விற்றுக் கட்டடம் கட்டினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூங்கா, திடல் போன்றவற்றுக்கு மாநகராட்சியிடம் வர வேண்டும். 2001இல் அந்த விதியை வளைத்துப் பங்கைச் சுருக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. நமக்கு அப்படி ஒரு விதியே இருந்ததில்லை.

அரசு நினைத்தால் நிலத்தை மீட்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கரை அரசு கையகப்படுத்தியது. அங்கே பெரிய பூங்கா என்று அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் அதுவும் தெற்கில்தான். அதே ஆண்டு மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அந்தப் பணத்தில் கட்டடம் எத்தனை, கட்டடமில்லாமல் விடப்படும் நிலம் எத்தனை என்று நாம் கேட்க வேண்டும்.

என்ன கேட்கப் போகிறோம்?

தோழர்களே, நான் பெரிய திட்டம் எதையும் முன்வைக்கவில்லை. நான்கே கேள்விகள். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் இவற்றைக் கேளுங்கள். தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.

ஒன்று, 1959 சட்டப்படி நம் வார்டில் உள்ள பூங்கா, திடல், திறந்தவெளிகளின் பட்டியல் எங்கே? அதை வார்டு அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். எழுதிவைக்காத திடல் பறிபோன பிறகு வழக்குப் போடக்கூட ஆதாரம் இருக்காது.

இரண்டு, பொதுப் பணத்தில் அமைந்த எந்தத் திடலிலும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது என்பதை நிரந்தர விதியாக்க முடியுமா? 2024 தீர்மானம் திரும்பப் பெறப்பட்டதுதான். திரும்பப் பெற்றதைத் திரும்பக் கொண்டுவர ஒரு மன்றக் கூட்டம் போதும்.

மூன்று, பூங்கா யாருடைய நேரத்துக்குத் திறக்கிறது? காலை நடைக்கும் மாலை நடைக்கும் மட்டும் திறந்தால், இரவுப் பணி முடித்து வரும் தூய்மைப் பணியாளரும் நண்பகலில் ஓய்வெடுக்கும் சுமைத் தொழிலாளியும் வெளியேதான் நிற்க வேண்டும். எல்லாத் திடல்களிலும் பெண் பிள்ளைகளுக்கென்று நேரமும், பூட்டாத கழிவறையும் வேண்டும்.

நான்கு, ஆலையோ கிடங்கோ எண்ணெய்த் தொட்டியோ காலியாகும்போது அந்த நிலத்தில் பொதுவெளிக்கு எவ்வளவு?

தீர்மானம் திரும்பப் பெறப்பட்ட அன்று மாலை அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் மீண்டும் வந்தான். "அக்கா, ஃப்ரீயாம்!" என்று கத்திக்கொண்டே. நான் சந்தோஷப்பட்டேன். பிறகு அந்தச் சொல்லைப் பற்றி அவனோடு கொஞ்சம் பேசினேன். ஃப்ரீ என்றால் யாரோ கொடுத்தது என்று அர்த்தம். இது யாரும் கொடுத்தது இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம தாத்தா ஒருத்தர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று கேட்டு வாங்கியது என்றேன்.

"அவரும் பால் ஆடுவாரா அக்கா?" என்று கேட்டான்.

தெரியவில்லை என்றேன். ஆனால் அவன் ஆடுவதற்கு யாரும் குறுக்கே நிற்கக் கூடாது என்று அவர் நினைத்தார், அது தெரியும்.

ஜெய் பீம்.